பதினேழு நிமிடங்கள்

மார்ச் 4

அக்காவுக்கு,

இனிமேல் போனில் பேசாதே என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரு முழுக்க விசாரித்தேன். கடைசியில் பார்த்தால், அது எங்கள் கட்டடத்துக்கு நேர் எதிரிலேயே இருக்கிறது. ஏழு வருடமாக அதன் மேல்தான் ஹெல்மெட்டை வைத்துவிட்டு வண்டியைத் துடைத்திருக்கிறேன்.

அப்பா நன்றாக இருக்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரே உன்னிடம் சொல்கிறார். அவர் சொல்லாமல் விடுவதை நான் சொல்கிறேன். இடுப்பு எலும்பு சேர்ந்துவிட்டது. பிசியோதெரபி அம்மா போன மாதமே, “எலும்பு அதோட வேலையைச் செஞ்சிடுச்சு சார், இனி நீங்கதான் செய்யணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அப்பா வாசற்கதவைத் தாண்டுவதில்லை. லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்டாலே திரும்பி நாற்காலிக்குப் போய்விடுகிறார். கேட்டால், “என் கால் என்னை ஏமாத்திடுச்சு. அதை நம்பி இனிமே எங்கயும் போறதா இல்ல” என்கிறார். நாற்பது வருடம் காடு மேடெல்லாம் நடந்து நிலம் அளந்த சர்வேயர் பேசுகிற பேச்சா இது?

நாள் முழுவதும் ஜன்னலோரம், கையில் டேப்லெட். ஏரியில் பறவை எண்ணுகிற யாரோ ஒருவரின் பக்கம், ஒரு சதுரங்கப் புதிர்ப் பக்கம், அவருடைய பழைய அலுவலக நண்பர் பாலங்களைப் பற்றி எழுதும் பக்கம். மூன்றையும் மாற்றி மாற்றித் திறந்து பார்க்கிறார். புதிதாக ஒன்றும் இருக்காது. உடனே எனக்கு போன். “டேய், பறவைக்காரர் ஏதாவது போட்டிருக்காரா பாரு.” நான் எங்காவது லிஃப்டைப் பழுது பார்த்துக்கொண்டு, அதன் குழிக்குள் முழங்கால் வரை கிரீஸோடு நிற்பேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை. நீ நூலகத்தில் இதழ்கள் பிரிவில் இருக்கிறாயே, இதற்கு ஏதாவது வழி உண்டா?

இன்னொன்று. செருப்பு விஷயத்தை நான் மறந்துவிட்டேன். நீ நல்ல எண்ணத்தில்தான் வாங்கி அனுப்பினாய், அது வழுக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு வராமல் இருக்காதே. அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

தம்பி

•

மார்ச் 13

தம்பிக்கு,

செருப்பு விஷயத்தை மறந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். பெரிய மனசு. நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், போகிற வருகிற நர்ஸ் எல்லாரும் கேட்க, “நீ அனுப்பின செருப்பாலதான் அவர் இப்படிக் கிடக்கார்” என்று நீ சொன்னது, ஒரு எழுத்து பிசகாமல் அப்படியே இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அப்பாவின் காரியம்.

எனக்குத் தெரிந்த மாதிரிதான் எனக்குச் சொல்ல வரும். எங்கள் பிரிவுக்கு நூற்றுப் பத்து இதழ்கள் வருகின்றன. நான் ஒவ்வொரு அச்சகமாகப் போய்க் கதவைத் தட்டி, “புது இதழ் வந்தாச்சா” என்று கேட்பதில்லை. சந்தா இருக்கிறது, வந்தால் என் மேசைக்கு வந்துவிடும். அப்பா இப்போது செய்வது கதவைத் தட்டுகிற வேலை. இணையத்திலும் சந்தா மாதிரி ஒன்று உண்டு, காசில்லாமல். ஃபீட் என்பார்கள். சிலர் செய்தியோடை என்று எழுதுகிறார்கள்.

பெரும்பாலான தளங்கள், நாம் படிக்கிற பக்கத்தோடு கூட இன்னொரு பட்டியலையும் வைத்திருக்கும். கடைசியாக வந்த பத்து இருபது பதிவுகளின் தலைப்பு, தேதி, இணைப்பு, பல சமயம் முழுப் பதிவும் அதில் இருக்கும். அது நம் கண்ணுக்கானது இல்லை, ஃபீட் ரீடர் என்கிற செயலி படிப்பதற்கானது. நமக்கு வேண்டிய தளங்களை ரீடரிடம் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அது குறித்த நேரத்துக்கு ஒரு முறை தானே எல்லா இடத்துக்கும் போய்ப் பார்த்து, புதிதாக இருப்பதை மட்டும் எடுத்து வந்து தேதி வரிசையில் வைக்கும். இது உனக்குப் பிடிக்கும், இதைப் பார், அதைப் பார் என்று நடுவில் எவனும் மூக்கை நுழைக்க மாட்டான்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். டேப்லெட்டில் ஒரு ஃபீட் ரீடரை இறக்கு. எது கிடைத்தாலும் சரி, எல்லாம் ஒரே மாதிரிதான். “சேர்” என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தட்டி, பறவைக்காரரின் தள முகவரியை ஒட்டு. ஃபீட் எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். கண்டுபிடிக்காவிட்டால் தளத்தில் ஆரஞ்சு நிறத்தில், புள்ளியிலிருந்து வளைகோடுகள் கிளம்புகிற மாதிரி ஒரு சின்னம் இருக்கிறதா என்று தேடு. அதன் முகவரியை எடுத்து ஒட்டு. பதிவு செய்ய வேண்டாம், மின்னஞ்சல் தர வேண்டாம். எழுதுகிறவருக்கு நாம் படிக்கிறோம் என்பதே தெரியாது.

லிஃப்ட் வேலை பற்றி நீ குறிப்புகள் எழுதுகிற தளத்தையும் அதில் சேர். அதற்கும் ஃபீட் இருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

நான் வருவதைப் பற்றி: வருவதற்கு முன் நீ சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. என்ன என்று என்னைக் கேட்காதே.

அக்கா

•

மார்ச் 22

அக்காவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். கொஞ்சம் அதிகமாகவே செய்தேன். மூன்று தளம் போட்டதும் ஆசை வந்துவிட்டது. அப்பா கேட்கக் கேட்க, வானிலை, நகராட்சி அறிவிப்பு, இரண்டு செய்தி நிறுவனம், விண்வெளி, கிணறு வெட்டுபவர்கள் சங்கம் என்று அறுபது தளங்களைச் சேர்த்துவிட்டேன். மறுநாள் காலையில் படிக்காதவை என்று ஆயிரத்து நானூறு காட்டியது. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, மேசையில் கோப்பு இருந்தால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். குளிக்கவில்லை. டீ ஆறிப்போனது. “இன்னும் தொள்ளாயிரம் பாக்கி இருக்குடா, என்னைத் தொந்தரவு பண்ணாதே” என்று என்னை விரட்டினார். மாலைக்குள் புதிதாக இருநூறு சேர்ந்துகொண்டது. அப்புறம் அவரே கையை விரித்துவிட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

படிப்பதோடு நிற்கவில்லை. சத்தம் போட்டுப் படிக்கிறார். நான் சமையலறையில் இருந்தாலும், குளியலறையில் இருந்தாலும், கிணறு வெட்டுபவர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் பற்றி எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். என்ன செய்யலாம், சொல்.

என் தளத்துக்கு ஃபீட் இருப்பது எனக்கே தெரியாது. மூன்று வருடமாக எழுதுகிறேன். யாரும் கருத்துப் போடுவதில்லை, எனவே யாரும் படிப்பதில்லை என்று நினைத்து, வீட்டுச் சுவரில் கிறுக்குகிற மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்ல வேண்டியது என்று எழுதியிருக்கிறாயே, எனக்குப் புரியவில்லை. செருப்பு அனுப்பியது நீ. மன்னிப்பதாகச் சொன்னது நான். இனி என்ன பாக்கி? நீ நூலகத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி வைத்திருக்கிறாய்.

தம்பி

•

மார்ச் 30

தம்பிக்கு,

செய்தி நிறுவனம் இரண்டையும் உடனே எடு. நாளுக்கு நூறு போடுகிறவர்களுக்கு ஃபீட் தேவையில்லை, அவர்கள் எப்படியும் நம் காதில் விழுந்துவிடுவார்கள். மாதம் ஒரு தடவை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எழுதுகிறவர்களுக்குத்தான் அது. அவர்கள் எப்போது எழுதுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எழுதும்போது நாம் தவற விடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்துத் தளம் போதும். “எல்லாம் படித்ததாகக் குறி” என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அப்பாவையே தட்டச் சொல். படிக்காமல் விட்டால் அபராதம் இல்லை என்று நூலகத்திலிருந்து உத்தரவு வந்திருப்பதாகச் சொல்.

சத்தமாகப் படிப்பதை நிறுத்தாதே. நீ கேள்.

போன அக்டோபரில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும், அப்பாவுக்கு அனுப்பிய அதே செருப்பில் எனக்கும் ஒரு ஜோடி வாங்கினேன். நூலகத்தின் பின்பக்கப் படிகள் வழவழப்பான கல். பத்து நாள், மதிய உணவு நேரத்தில், அந்தப் படிகளில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்தச் செருப்போடு ஏறி இறங்கினேன். துப்புரவுக்கு வருகிற அம்மா எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார். ஒரு தடவைகூட வழுக்கவில்லை, தம்பி. வழுக்கியிருந்தால் என் தப்புதான் என்றாவது தெளிந்திருப்பேன்.

போன ஞாயிறு அப்பா என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? “நீ வாங்கிக் கொடுத்ததுல தப்பில்லம்மா. எனக்குத்தான் கால் வைக்கத் தெரியாம போச்சு.” இதை நீ இன்னொரு தடவை படி.

அக்கா

•

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

ஒன்று கேட்க வேண்டும். திங்கள் மாலை என் தளத்தில் பிரேக் இடைவெளி பற்றி ஒரு குறிப்புப் போட்டேன். அரை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டிய இடத்தில் ஐந்து என்று எழுதிவிட்டேன். அதை நம்பி எவனாவது வைத்தால் லிஃப்ட் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அரை மணி நேரத்தில் கவனித்து, பதிவையே அழித்துவிட்டேன்.

செவ்வாய் காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா ஜன்னலோரத்திலிருந்து சத்தமாகப் படிக்கிறார்: “பிரேக் இடைவெளி ஐந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.” ஓடிப்போய்ப் பார்த்தேன். டேப்லெட்டில் முழுக் குறிப்பும் இருக்கிறது. தளத்தில் இல்லை. தட்டினால் “பக்கம் கிடைக்கவில்லை” என்கிறது. ஆனால் ரீடரில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

அழித்தால் போகாதா, அக்கா?

என் தளத்துக்கு ஃபீட் இருக்கிறது என்று நீ எழுதினாயே, அது உனக்கு எப்படித் தெரியும்? எப்போதிலிருந்து தெரியும்? இந்த ஒன்றுக்கு மட்டும் உடனே பதில் போடு.

தம்பி

•

ஏப்ரல் 15

தம்பிக்கு,

போகாது. ரீடர் ஒரு தடவை எடுத்து வந்துவிட்டால் அது நம்மிடம் இருக்கும் பிரதி. அச்சகம் இதழைத் திரும்பப் பெற்றாலும், என் அலமாரிக்கு வந்த பிரதி என் அலமாரியில்தான் இருக்கும், இல்லையா, அந்த மாதிரி.

உன் முதல் பதிவிலிருந்தே உன் தளம் என் ரீடரில் இருக்கிறது. கம்பிக் கயிறு தேய்வதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது முதல் எல்லாம் படித்திருக்கிறேன். பாதி புரியாது. நீ உயிரோடு இருக்கிறாய், வேலைக்குப் போகிறாய் என்று தெரியும், அது போதும். நான் சண்டை போட்டு வந்த பிறகும் எடுக்கவில்லை. உனக்குத் தெரியாது என்பதால் கௌரவக் குறைவும் இல்லை.

நவம்பர் 3. மாலை 6.10. தலைப்பு, “இரண்டு அங்குலம்.” என் ரீடர் கால் மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து வரும். நான் மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். நின்றபடியே படித்தேன்.

உங்கள் கட்டடத்து லிஃப்ட் கீழ்த்தளத்தில் இரண்டு அங்குலம் தாழ்ந்து நிற்கிறது என்று வாட்ச்மேன் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார் என்று எழுதியிருந்தாய். பிரேக் தேய்ந்திருப்பது உனக்குத் தெரியும், இருபது நிமிட வேலை, சொந்தக் கட்டடம்தானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு நாள் தள்ளினாய். ஆறாம் நாள் அப்பா கீழே போனார். லிஃப்ட் தாழ்ந்திருக்கிறது, தரை மேலே இருக்கிறது. கால் விரல் விளிம்பில் இடித்து விழுந்தார். வழுக்கியே விழவில்லை. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அன்று மாலையே நீ வந்து பிரேக்கைச் சரிசெய்தாய். யாராவது கேட்பதற்கு முன்னால் செருப்பு என்று சொன்னாய். இவ்வளவும் நீ எழுதியது. நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

முதலில் அழுதேன். நான் காரணம் இல்லை என்று தெரிந்த ஆறுதல். உனக்குக் கருத்து எழுதலாம் என்று தலைப்பைத் தட்டினேன். மணி 6.27. பக்கம் கிடைக்கவில்லை. பதினேழு நிமிடம்கூட உன் நேர்மை தாங்கவில்லை. அப்போது வந்தது கோபம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறேன். மறைத்ததை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி மறைத்தவன் நீ ஒருவன்தான்.

அன்று இரவே நீ கூப்பிடுவாய் என்று போனைப் பக்கத்தில் வைத்திருந்தேன். நான்கு மாதம் கழித்து, என்னை மன்னித்துவிட்டதாகக் கடிதம் வந்தது.

நானாகக் கேட்டிருந்தால் நீ மாட்டிக்கொண்டவன் ஆகியிருப்பாய். சொன்னவன் ஆகியிருக்க மாட்டாய். அதனால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது நீயே கேட்டுவிட்டாய்.

எனக்கு நீ சொல்ல வேண்டியதில்லை, எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாது. தன் கால் தன்னை ஏமாற்றிவிட்டது என்று நம்பி நடக்காமல் இருக்கிறார். அவர் கால் ஏமாற்றவில்லை. அதை அவரிடம் சொல்லக்கூடியவன் உலகத்திலேயே ஒருவன்தான் இருக்கிறான்.

அக்கா

•

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

உன் கடிதத்தை லிஃப்ட் மெஷின் ரூமில் உட்கார்ந்து படித்தேன். என்ன நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

மூன்று நாள் முயன்றேன். முதல் நாள் டீயோடு போய் எதிரில் உட்கார்ந்தேன். “என்னடா, லீவா?” என்றார். “இல்லப்பா, சும்மா” என்று எழுந்து வந்துவிட்டேன். இரண்டாம் நாள், “அப்பா, அந்த லிஃப்ட்...” என்று ஆரம்பித்தேன். லிஃப்ட் என்றதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் வாயே திறக்கவில்லை. இருபது மாடிக் கட்டடத்தில் ஒற்றைக் கயிற்றில் தொங்கியிருக்கிறேன், அக்கா, இந்தப் பயம் அப்போது வந்ததில்லை.

நேற்று மாலை பழைய நோட்டிலிருந்து அந்தப் பதிவை எடுத்து, அதே தலைப்பில், அதே 6.10-க்கு மறுபடி போட்டேன். கோழைத்தனம்தான். போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன்.

அரை மணி கழித்து ஆரம்பித்தார். முதலில் பறவைக்காரர், நாரைகள் நாற்பத்தொன்று. பிறகு சதுரங்கம், வெள்ளை ஆடி மூன்று நகர்த்தலில் வெற்றி. பிறகு, “இரண்டு அங்குலம்” என்றார். எப்போதும் போல உரக்க, நிறுத்தி நிறுத்திப் படித்தார். வாட்ச்மேன் சீட்டு, இருபது நிமிட வேலை, ஆறு நாள். “செருப்பு என்று சொன்னேன், அக்கா நம்பினாள், அப்பாவும் நம்பினார்” என்ற வரியில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை படித்தார்.

நறுக்க வெங்காயம் தீர்ந்துபோயிருந்தது, கத்தி மட்டும் கையில் இருந்தது.

“செருப்பு எங்கடா?” என்றார்.

அது மெஷின் ரூமில், மோட்டாருக்குப் பின்னால், ஒரு பையில் இருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை, வீட்டில் வைக்கவும் முடியவில்லை. படி ஏறிப் போய் எடுத்து வந்து கீழே வைத்தேன். மாட்டிக்கொண்டார். “என்னோட அளவுகோலை எடு” என்றார். பெட்டியிலிருந்து அந்த இரும்பு அளவுகோலை எடுத்துக் கொடுத்தேன். கைத்தடியை ஊன்றி, வாசற்கதவைத் தாண்டி, லிஃப்டுக்குள் போனார். நானும் கூடப் போனேன். கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. வெளியே வராமல், தடியை என் கையில் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்தபடி குனிந்து, அளவுகோலை விளிம்பில் வைத்துப் பார்த்தார். வலது ஓரம், நடு, இடது ஓரம்.

“ஒரு நூல் வித்தியாசம்கூட இல்ல” என்றார். பிறகு காலை எடுத்து வெளியே வைத்தார்.

முன்கூடம் முழுக்க ஒரு சுற்று நடந்தார். வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார். திரும்பி மேலே வரும்போதுதான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “அப்போ என் கால் சரியாத்தான் இருந்திருக்கு.”

என்னைத் திட்டியிருக்கலாம். இன்று காலை வரை ஒன்றும் சொல்லவில்லை. திட்டு பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை நீயும் வந்து சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போ. உன்மேல் போட்ட பழிக்கு மன்னிப்புக் கேட்கிறேன், அக்கா. இதை நான் அழிக்க முடியாது, தபால் பெட்டியில் போட்டுவிடப் போகிறேன்.

தம்பி

•

ஏப்ரல் 29

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். 23-ஆம் தேதி மாலை ரீடரில் “இரண்டு அங்குலம்” என்று வந்து நின்றது. பழையதைத்தான் தட்டிவிட்டேனோ என்று தேதியைப் பார்த்தேன், புதிது.

ரீடரில் பார்த்தால் நீ வைத்திருக்கிறாயா எடுத்துவிட்டாயா என்று தெரியாது, அது எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் தலைப்பைத் தட்டி உன் தளத்துக்கே போனேன். இருந்தது. மேசையைப் பூட்டாமல் உட்கார்ந்தேன். நிமிடத்துக்கு ஒரு தடவை மறுபடி திறந்து பார்த்தேன். 6.20, இருந்தது. 6.25. நூலக வாட்ச்மேன் விளக்கை அணைக்க வந்தார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். 6.27 ஆனது, அப்போதும் இருந்தது.

6.28-க்கு டிக்கெட் எடுத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். கீழே வந்து நின்று பெட்டியைத் தூக்குகிற வேலை உனக்கு வேண்டாம். அப்பாவை லிஃப்டில் இறங்கி வரச் சொல்.

அக்கா